கம்பெனிக்கு ஏது குழந்தை?

அந்த வீட்டில் எது தொலைந்தாலும் சின்னவளைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் தேடுவது ஒரு விதம். பீரோவைத் திறப்பார்கள், டிராயரை இழுப்பார்கள், உள்ளே ஒரு டப்பா இருப்பதைப் பார்ப்பார்கள், "இங்க இல்ல" என்று டிராயரைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். அவள் டப்பாவைத் திறப்பாள். டப்பாவுக்குள் பர்ஸ் இருந்தால் பர்ஸைத் திறப்பாள். பர்ஸுக்குள் ஜிப் இருந்தால் அதையும் இழுத்துப் பார்ப்பாள். அப்பாவின் கண்ணாடித் திருகாணி, அம்மாவின் ஒற்றைத் தோடு எல்லாம் அப்படித்தான் வெளியே வந்தன. அண்ணன் ஒளித்து வைத்திருந்த மதிப்பெண் அட்டையும் ஒரு நாள் அப்படியே வெளியே வந்தது. முதுகைத் தடவிக்கொண்டே அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் "குடைச்சல்".

திட்டுவதற்கென்று வைத்த பெயர் அது. அவளுக்கோ பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், "சொன்னா கேட்டுக்கணும், எதிர்த்துப் பேசக் கூடாது" என்று சொன்னபோது, "கேட்டுக்கிட்டேன் டீச்சர். ஏன்னு மட்டும் நீங்க இன்னும் சொல்லல" என்று பதில் சொல்லி வெளியே நிறுத்தப்பட்டாள். வெளியே நின்ற நேரத்தில் ஜன்னல் கொக்கி எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். பெயர் கூடவே வளர்ந்தது. கல்யாணம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளைப் பையனிடம், "நீங்க எந்த விஷயத்தையாவது தப்புன்னு ஒத்துக்கிட்டு மாத்திக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டவள் அவள். பஸ் மெக்கானிக்கான அந்த மனிதர் நெடுநேரம் யோசித்து, "கிளட்ச் விஷயத்துல ரெண்டு தடவை" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில். அறை என்றால் ரொம்பப் பெருமையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சலவைக்கூடத்துக்கு மேல் மாடி. மதியத்துக்கு மேல் தரை வழியே சூடு ஏறும், துவைத்த போர்வையின் வாசனை ஏறும். நான்கு மேசை, ஆடும் நாற்காலிகள், ஒரு பிரிண்டர். பிரிண்டரைத் தட்டினால்தான் வேலை செய்யும், அதுவும் இடது பக்கம். முதலில் ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்கான வேலையைப் பார்த்தவள், சமீபத்தில்தான் பணியாளர் விவரங்களுக்கு மாற்றப்பட்டிருந்தாள். அங்கே அவளுக்கு மேலே இருந்தவரை எல்லோரும் "பெரியவர்" என்பார்கள். வயதால் அல்ல, அந்த அறையில் ஓடிய பழைய ஸ்கிரிப்டுகளில், அதாவது சின்னச் சின்ன புரோகிராம்களில், பாதிக்கு மேல் அவர் எழுதியவை.

குடைச்சலின் நாத்தனாரும் அதே மருத்துவமனையில்தான் இருந்தாள். அவள் வார்டு கூட்டித் துடைப்பவள். புருஷன் சரக்கு லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். கையில் ஒரு குழந்தை, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஓட மட்டுமே தெரிந்த ஒரு வாண்டு. அவள் வேலைக்குப் போகும் நேரம் பக்கத்து வீட்டு அம்மாதான் வாண்டுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மாதக் கடைசியில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார் என்ற சேதியோடுதான் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடைச்சல் வீட்டுக்கு வந்தாள்.

"வேலைய விட்டுட வேண்டியதுதான் அண்ணி" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. கண்ணில் வந்த தண்ணீர் எதனால் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆஸ்பத்திரியிலயே குழந்தைங்க காப்பகம் இருக்கே? சீட்டு எழுதிப் போட்டிருக்கேல்ல?"

"போட்டேன். அடுத்த வாரம் குலுக்கல். எங்க விழப்போகுது? எங்க ஆளுங்க யாருக்குமே விழுந்ததில்ல. எங்களுக்கு ராசி இல்ல அண்ணி."

குடைச்சலின் கத்தி நின்றது.

"யாருக்குமேன்னா?"

"யாருக்குமே. கூட்டுறவங்க, துணி துவைக்கிறவங்க, சமையல், காவல்... ஒருத்தருக்கும் விழுந்ததில்ல."

"எப்பவுமேயா?"

"எனக்குத் தெரிஞ்சு எப்பவுமே. அதுக்குத்தான் இந்தத் தடவ வாண்டுவோட மஞ்சள் சட்டையப் போட்டுக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். மஞ்சள் நல்லதாம்."

குடைச்சல் கூடத்துக்குப் போய், வாண்டுவின் வாயிலிருந்து ஒரு பகடைக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வாண்டு அலறியது.

"இத வருஷக்கணக்கா உருட்டுறோம்னு வை. ஆறு ஒரு தடவகூட விழலன்னா என்ன சொல்லுவே? ஆறுக்கு ராசி இல்லன்னா?"

"பகடையில ஆறே இல்லன்னு சொல்லுவேன்."

"அவ்வளவுதான்டீ! மஞ்சள் சட்டையத் துவைச்சு மடிச்சு வை. சட்டையில ஒண்ணும் இல்ல. நாளைக்குப் பகடையப் பாக்குறேன்."

அநியாயத்தை மூடி மறைக்க அதிர்ஷ்டத்தைப் போல வசதியான போர்வை வேறு கிடையாது. அடித்தவன் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அடி வாங்கியவரே "என் நேரம்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவார். குடைச்சலுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அன்று இரவு அவள் தூக்கத்தில் உளறியதாகவும், "விழணும், எல்லாப் பக்கமும் விழணும்" என்று சொன்னதாகவும் மெக்கானிக் மறுநாள் காலையில் சாட்சி சொன்னார்.

மறுநாள் அவள் பெரியவரிடம் போய், காப்பகக் குலுக்கலைக் கம்ப்யூட்டரில் நடத்தும் ஸ்கிரிப்டைக் கேட்டாள்.

"அதுவா? ரொம்பப் பழசும்மா. நான்தான் எழுதினேன். ஒரு தடவகூட நின்னதில்ல, மடமடன்னு ஓடும்" என்றார் அவர், மகனைப் பற்றிச் சொல்வது போல.

ஓடத்தான் செய்தது. அதுதான் சங்கடம். நின்றுபோகிற புரோகிராமை யாராவது திறந்து பார்ப்பார்கள். ஓடிக்கொண்டே தப்புச் செய்வதை யார் பார்ப்பார்கள்?

பணியாளர் விவரங்கள் இருந்தது ஒரு ஹேஷுக்குள். ஹேஷ் என்றால் பெயர் ஒட்டிய பெட்டிகளின் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். பெயரைச் சொன்னால் அந்தப் பெட்டி திறக்கும். வெளிப்பெட்டி துறை. துறையைத் திறந்தால் உள்ளே ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. ஆளைத் திறந்தால் வயது, வேலை நேரம், காப்பகத்துக்குச் சீட்டு எழுதிப் போட்டவர் என்றால் குழந்தையின் விவரம் எல்லாம். பெரியவர் எழுதியிருந்தது லூப்புக்குள் லூப். லூப் என்றால் ஒரே வேலையை வரிசையாக ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்பச் செய்வது. முதல் லூப் துறை துறையாகப் போகும். உள்ளே இருக்கும் லூப் அந்தத் துறையின் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, "குழந்தை இருக்கிறதா?" என்று கேட்கும். இருந்தால் பெயரைக் குலுக்கலில் சேர்க்கும். இல்லாவிட்டால் அடுத்த பெட்டி. சுத்தமான, அழகான வேலை.

குடைச்சல் குழந்தைக் கேள்வியை எடுத்துவிட்டு, லூப் திறக்கும் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும், அதில் உள்ளதையும் திரையில் வரிசையாகக் காட்டச் சொன்னாள். எலும்புப் பிரிவு ஓடியது. இதயப் பிரிவு ஓடியது. நர்சுகள் ஓடினார்கள். துப்புரவுப் பிரிவு வந்தபோது ஆட்களின் பெயரே இல்லை. ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். அதில் உள்ள விவரம் என்று காட்டிய இடத்தில் வயது இல்லை, வேலை நேரம் இல்லை. 'ஹேஷ்' என்ற ஒரு சொல்லும், பக்கத்தில் எண்ணும் எழுத்தும் குழம்பிய ஒரு நீளமான முகவரியும்தான் நின்றன. சலவைக்கும் அப்படியே. சமையலுக்கும் காவலுக்கும் அப்படியே.

"இது என்ன சார்?"

பெரியவர் எட்டிப் பார்த்தார். "அது குப்பைம்மா. எப்பவும் வரும். கண்டுக்காத."

"குப்பை இல்ல சார். உள்ள இன்னொரு பெட்டி இருக்குன்னு சொல்லுது. நாமதான் திறக்கல."

அவள் திறந்தாள். கம்பெனியின் பெயருக்குக் கீழே, ஒரு படி ஆழத்தில், வரிசை வரிசையாக ஆட்கள் வந்தார்கள். கூட்டுபவர்கள், துவைப்பவர்கள், கழுவுபவர்கள், வாசலில் நிற்பவர்கள். திரை உருண்டுகொண்டே இருந்தது. ஒப்பந்த ஆட்கள் என்பதால் அவர்கள் துறைக்கு நேர்கீழே இல்லை. நடுவில் கம்பெனி உட்கார்ந்திருந்தது. சம்பளத்துக்கு நடுவில் உட்கார்ந்து பங்கு எடுத்தது போதாதென்று இங்கேயும்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"அப்ப என் லூப்பு இத்தனை நாளா..."

"கம்பெனிகிட்டப் போய், 'உனக்குக் குழந்தை இருக்கா'ன்னு கேட்டுட்டு வந்திருக்கு சார்."

"கம்பெனிக்கு ஏது குழந்தை?"

"அதைத்தான் அதுவும் சொல்லியிருக்கு. இல்லன்னு. உங்க லூப்பும் மரியாதையா வணக்கம் சொல்லிட்டுத் திரும்பி வந்திடுச்சு. குப்பைய அள்ளுறவங்க அத்தனை பேரும் நீங்க குப்பைன்னு சொன்னதுக்குள்ளதான் சார் இருக்காங்க."

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. "நான் எழுதும்போது ஒப்பந்தமே கிடையாதும்மா, எல்லாரும் நேரடி ஆளுங்க" என்றார். "அப்புறம் கம்பெனி வந்துச்சு, தரவை மாத்தினாங்க. லூப்ப யாரும் மாத்தல. நானும் மாத்தல." பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். "தள்ளு. சேர்ந்து எழுதுவோம்."

மதியம் முழுக்க இருவரும் எழுதினார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி எழுதினார்கள். இன்னொரு லூப்பை உள்ளே சொருகிவிட்டால் போதும் என்றார் பெரியவர். நாளைக்குக் கம்பெனிக்குள் இன்னொரு கம்பெனி வந்தால் என்ன செய்வீர்கள் என்றாள் அவள். கடைசியில் எழுதியது, அவள் சின்ன வயதில் வீட்டில் தேடிய அதே விதம்: பெட்டியைத் திற, உள்ளே இருப்பது ஆள் என்றால் எடுத்துக்கொள், மறுபடியும் பெட்டி என்றால், இதே வேலையை அந்தப் பெட்டியிலும் முதலிலிருந்து செய்.

"எவ்வளவு ஆழம் போகும் இது?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆள் வர்ற வரைக்கும் சார்."

நிர்வாக அதிகாரி கெட்டவர் அல்ல. தன் மேசை மேல் புதிதாக எதுவும் வரக் கூடாது என்று நினைக்கிற, உலகில் நிறைய இருக்கிற சாதாரண மனிதர். விஷயத்தைக் கேட்டதும், "ஒப்பந்தக்காரங்க நம்ம ஆளுங்க இல்லையேம்மா" என்றார்.

"காப்பகக் கதவுல அறிவிப்பு ஒட்டியிருக்கு சார். 'வளாகத்தில் பணிபுரியும் அனைவரும்' விண்ணப்பிக்கலாம்னு. கீழ உங்க கையெழுத்து. லூப்புல அதைத்தான் எழுதியிருக்கோம். வேணாம்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல, அறிவிப்பை மாத்திடலாம். 'உங்கள் அறையைக் கூட்டுகிறவர் தவிர'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நானே போய் ஒட்டுறேன்."

அதிகாரி தன் அறையைப் பார்த்தார். அது அன்று காலை கூட்டித் துடைக்கப்பட்டுப் பளபளவென்று இருந்தது. யார் கூட்டியது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"சரி. ஆனா உன் நாத்தனார் இங்கதானே வேலை பாக்குறா? அவ பேரு வந்துட்டா ஊரு என்ன பேசும்?"

நியாயமான கேள்வி. மாடி ஏறிப் போய்ச் சற்று நேரம் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டலிலேயே பதில் கிடைத்தது. குலுக்குவதைக் கம்ப்யூட்டர் செய்ய வேண்டாம். அது பெயர்களைத் தேடி எடுத்து அச்சடித்துக் கொடுத்தால் போதும். குலுக்கல் எல்லோர் கண் முன்னாலும் கையால் நடக்கட்டும். அதற்கு முன்பே பெயர்களைச் சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். விடுபட்டவர் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

ஒட்டிய அன்று சாப்பாட்டுக்கூடம் கல்யாண வீடு போல ஆகிவிட்டது. துவைப்பவர்கள் ஈரக்கையோடு வந்தார்கள். காவல்காரர் ஒருவர் வாசலை அம்போவென்று விட்டுவிட்டு ஓடி வந்து, தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் இதயப் பிரிவின் தலைமை மருத்துவர்.

நாத்தனார் தன் பெயரின் மேல் விரலை வைத்து நின்றாள். "என் பேரு இருக்கு அண்ணி. அது போதும் எனக்கு."

"எது போதும்? போதாது! பேரு இருக்குறது ஆரம்பம்டீ. போதும்னு சொன்னா உன்னயும் சேத்துச் சுவத்துல ஒட்டிடுவேன்."

குலுக்கலுக்குப் பாத்திரம் தேடினார்கள். நாத்தனார் ஸ்டோரிலிருந்து புத்தம் புதிய துடைப்பு வாளி ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சமையல் மாஸ்டர் முழங்கை வரை சட்டையைச் சுருட்டி, மந்திரவாதி போல இரண்டு கையையும் கூட்டத்துக்குத் திருப்பித் திருப்பிக் காட்டி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, சீட்டு எடுத்தார். சலவைக்கூடத்துப் பெண் ஒருத்திக்கு விழுந்தது. காவல்காரருக்கு விழுந்தது. நர்சுகள் சிலருக்கு, ஒரு மயக்க மருத்துவருக்கு விழுந்தது. ஒவ்வொரு பெயருக்கும் தட்டுகள் அதிர்ந்தன. வாளியில் சீட்டு மிச்சம் இருக்கும்போதே காப்பகத்தில் இடம் தீர்ந்துவிட்டது. நாத்தனார் பெயர் வாளிக்குள்ளேயே கிடந்தது.

எலும்புப் பிரிவு டாக்டர் ஒருவரின் பெயரும் அவள் பெயரோடு அங்கேயே கிடந்தது. முதல் பிள்ளைக்கு அந்த டாக்டருக்கு எளிதாக இடம் கிடைத்திருந்தது. இரண்டாவதற்கும் கிடைக்கும் என்று கைக்குழந்தையின் பையைக்கூடத் தயாராக வைத்திருந்தார். மறுநாளே படியேறிக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். அவர் வந்த வேகத்தைப் பார்த்ததுமே பெரியவர் கோப்பு ஒன்றுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

"குலுக்கல்ல ஏதோ தப்பு நடந்திருக்கு."

"நடந்துச்சு டாக்டர்" என்றாள் குடைச்சல். "சரி பண்ணிட்டோம்."

"இதுவரைக்கும் எங்களுக்குக் கிடைக்காம போனதே இல்ல!"

"அதுதான் டாக்டர் அந்தத் தப்பு."

டாக்டர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேசைக்கு அடியிலிருந்து வாண்டு வெளியே வந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொன்ன தேதிக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். அதனால் வாண்டு இப்போது மேசைக்கு அடியில் குடியிருந்தது. காதில் பழைய ஹெட்போன், கையில் பிரிண்டரின் மூடி. டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டு அது எழுந்து நின்றது.

"இது யாரு?"

"இதுக்கும் கிடைக்கல. இவங்க அம்மாதான் உங்க வார்டு கூட்டுறாங்க. இதை நான் இப்படி எத்தனை நாள் ஒளிச்சு வைக்க முடியும்? அடுத்த வாரம் அவ வேலைய விட்டுடுவா."

டாக்டர் குனிந்து வாண்டுவைத் தூக்கினார். தொழில் பழக்கத்தில் அதன் முழங்காலை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தார். கோபம் இறங்கவில்லை. திசை மட்டும் மாறியது.

"ஆமா, எதுக்கு இத்தனை குறைச்சலா இடம் வச்சிருக்காங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் அந்தக் காப்பகம் கட்டிய நாளிலிருந்து காத்திருந்தது. இடம் குறைவு என்பது யாருக்கும் தெரியாமல் போனதே பாதிப் பேரை எண்ணாமல் விட்டதால்தான்; எண்ணிய பேருக்கு இடம் எப்போதும் போதுமானதாக இருந்தது, குலுக்கல் பேருக்குத்தான். கூட்டுகிறவளுக்குக் கிடைக்காதபோது அது ராசி. டாக்டருக்குக் கிடைக்காதபோது அது நிர்வாகக் குறைபாடு. குடைச்சலுக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கிடைத்த கூட்டாளியைக் கோபத்தில் விடுகிற ஆள் அல்ல அவள். இருவரும் வாண்டுவோடு கீழே அதிகாரியின் அறைக்கு இறங்கினார்கள். வழியில் நாத்தனாரும் துடைப்பத்தோடு சேர்ந்துகொண்டாள். சலவைக்கூடத்திலிருந்து நாலு பேர் எதற்கென்று கேட்காமலேயே பின்னால் வந்தார்கள்.

"காப்பகத்துக்குப் பக்கத்து அறை என்ன சார்?" என்று கேட்டார் டாக்டர்.

"அது பழைய எக்ஸ்ரே ஃபிலிம் வைக்கிற அறை" என்றார் அதிகாரி.

"ஃபிலிம் யாரு சார் இப்ப பாக்குறாங்க? நான் எலும்பு டாக்டர், நானே திரையிலதான் பாக்குறேன்."

அதிகாரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். டாக்டரை, துடைப்பத்தை, தன் மேசை மேல் ஏறி உட்கார்ந்து பேனாவைச் சப்பிக்கொண்டிருந்த வாண்டுவை. "எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அந்த அறைக்குச் சாவி எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ரொம்ப நாளா பூட்டிக் கிடக்கு."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அதற்குள் சட்டைக்கையை மடித்துவிட ஆரம்பித்திருந்தாள். தொலைந்த சாவி! அவளுக்கென்றே செய்து வைத்தது போல.

அதிகாரியின் அறையில் மூன்று அலமாரி. முதல் அலமாரியின் மேல்தட்டிலிருந்து முறையாக ஆரம்பித்தாள். அலமாரிக்குள் பெட்டி, பெட்டிக்குள் உறை, உறைக்குள் இன்னொரு உறை. யாரோ ஓய்வுபெற்றவரின் மூக்குப்பொடி டப்பா வந்தது. காது இல்லாத ஸ்டெதஸ்கோப் வந்தது. அதிகாரி தொலைந்துவிட்டதாக நினைத்திருந்த மகள் போட்டோ வந்தது. அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது அலமாரியில் அவள் தலை பாதி உள்ளே இருந்தபோது வராந்தாவின் கோடியில் தொம்மென்று ஒரு சத்தம். அதன் பின்னால் ஒரு பெரிய கூச்சல்.

ஓடிப் போய்ப் பார்த்தால், மருத்துவமனைத் தச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவுதான் கீல்களிலிருந்து கழன்று, சலவைக்கூடத்து ஆட்களின் கையில் படுத்திருந்தது.

"என்னடீ இது!" என்றாள் குடைச்சல்.

"நீங்க டப்பா டப்பாவா திறந்துக்கிட்டே இருந்தீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "நான் போய்த் தச்சரக் கூட்டிட்டு வந்துட்டேன். சாவி கதவத் திறக்கத்தானே? கதவே இல்லன்னா?"

கூட்டமே சிரித்தது. குடைச்சலுக்குத்தான் அதிகம் சிரிப்பு; சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாண்டு யாரும் அழைக்காமலேயே முதல் ஆளாக உள்ளே ஓடி, தூசியில் விழுந்து, வெள்ளையாக எழுந்து வந்தது.

சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். மஞ்சள் நல்லது என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டோரில் அதுதான் மிச்சம் இருந்தது. வாளியில் தங்கிய பெயர்கள் அத்தனையும் வெளியே வந்தன. எலும்பு டாக்டரின் கைக்குழந்தை முதல் வாண்டு வரை எல்லோருக்கும் இடம் இருந்தது. குலுக்கல் என்ற பேச்சே நின்றுபோனது. நாத்தனார் வேலையை விடவில்லை. வார்டு வழியே போகும்போது காப்பக ஜன்னலில் எட்டிப் பார்த்து ஒரு தடவை கையசைத்துவிட்டுப் போவாள். வாண்டு திரும்பிக்கூடப் பார்க்காது, அதற்கு அவ்வளவு வேலை.

குடைச்சல் மட்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதிகாரியின் மூன்றாவது அலமாரியைக் குடைந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. "கதவுக்குப் புதுப் பூட்டே போட்டாச்சேம்மா, இன்னும் எதுக்கு?" என்று அதிகாரி கெஞ்சினாராம்.

"இன்னும் ரெண்டு பெட்டி பாக்கி இருக்கு சார்" என்றாளாம் அவள், உள்ளே இருந்தபடியே. "நீங்க சாப்பிடுங்க."